அரை பாயிண்ட்

"இருபத்தேழரைன்னு சீட்டுல இருக்கு தம்பி. அந்த அரையும் சேர்ந்து ஏறுமா?"

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலை. அங்கே லோடு சீட்டுகளின் எக்செல் அட்டவணையை டேட்டாபேஸில் ஏற்றும் வேலை எனக்கு. கேட்டது எடைமேடைக் கணக்கு பார்க்கும் அண்ணன்.

நைம் (KNIME) என்பது சின்னச் சின்னப் பெட்டிகளை இணைத்து டேட்டாவை நகர்த்தும் மென்பொருள். அதில் எக்செல்லைப் படிக்கும் எக்செல் ரீடரையும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு தொடர்பு தரும் கனெக்டரையும், எழுதும் பெட்டியான டிபி ரைட்டரில் இணைத்தால் போதும், அட்டவணை டேட்டாபேஸுக்குப் போய்விடும். டேபிள் இல்லையென்றால் அதுவே உருவாக்கிக்கொள்ளும். பழைய டேபிளை நீக்கும் டிக் மட்டும் தினசரி ஓட்டத்தில் இருக்கவே கூடாது. இருந்தால் நேற்று வரை வந்த லோடு அத்தனையும் காலி. திருத்திய சீட்டு மறுபடி வந்தால் டிபி மெர்ஜ் என்ற பெட்டி: சீட்டு எண் ஒத்துப்போனால் திருத்தும், இல்லையென்றால் புதிதாகச் சேர்க்கும்.

பாயிண்ட் எழுதும் நெடுவரிசையில்தான் நெடுநேரம் உட்கார்ந்தோம்.

மரவள்ளிக்கு இங்கே மாவுச்சத்து பாயிண்ட் பார்த்துத்தான் விலை. முழு எண் வகையில் 27.5 நிற்காது. அந்த அரை, மாசக்கணக்கில் காட்டில் நின்றவரின் கூலி. டேட்டா டைப் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது அவர் வீட்டு வரவு.

தசம வகை வைத்து, ஓட்டி, டேபிளைத் திறந்து காட்டினேன். அண்ணன் சீட்டுக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எல்லாம் சரி.

பாயிண்ட் விவரம் அன்றைக்கே விவசாயிக்கு எஸ்எம்எஸ்ஸில் போகணுமாம். அடுத்த வேலை அதுதான்.