ஜாக்சனில் கழிப்பறை, கொங்கில் அடுப்படி

கேத்ரின் ஸ்டாக்கெட் எழுதிய ‘தி ஹெல்ப்’ (2009) நாவலைப் படித்ததும் நம்ம பக்கத்து வாசகர்கள் பலரும் சொல்வது, “இது அப்படியே நம்ம சாதிக் கதைங்க” என்றுதான். அந்த அவசரத்தில் நாவலின் நுணுக்கம் பாதி கைநழுவிப் போகிறது. தீட்டு எந்த வாசப்படியில் நிற்கிறது என்று பார்த்தால் இரண்டு ஊரும் வேறு வேறு.

கதை மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில், 1962 ஆகஸ்டில் தொடங்குகிறது. அங்கே சமைப்பதும் வெள்ளைக்காரக் குழந்தையை வளர்ப்பதும் கறுப்பினப் பெண்தான். அவள் பொரித்த கோழியை வீடே உட்கார்ந்து சாப்பிடுகிறது. ஆனால் அந்த வீட்டுக் கழிப்பறைக்குள் அவள் போகக் கூடாது, நோய் தொற்றிவிடுமாம். கார் நிற்கும் இடத்தில் அவளுக்கென்று தனியாக ஒன்று கட்டுகிறார்கள்.

கொங்குப் பக்கத்தில் பழைய பண்ணாடி (நிலக்கிழார்) வீட்டில் கோடு வேறு இடத்தில் விழுந்திருந்தது. அருந்ததியர் பெண் வாசல் கூட்டலாம், கட்டுத்தரையில் சாணி வழிக்கலாம். ஆசாரத்துக்குள் (முன்கூடம்) கால் வைக்க முடியாது. அடுப்படி பேச்சுக்கே இடமில்லை. கிணற்றில் சேந்த விட மாட்டார்கள், கையேந்தினால் மேலிருந்து ஊற்றுவார்கள். மீந்த சோறு அவள் கொண்டுவந்த போசியில் எட்டி நின்று போடப்படும். சோறும் தண்ணியும்தான் இங்கே காவல். அவள் கைபட்ட சோற்றைத் தின்றுகொண்டே அவளை ஒதுக்கியது ஜாக்சன்.

இன்னொரு வேறுபாடு சட்டம். இங்கே அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவும் 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் தீண்டாமையைக் குற்றம் என்றன, ஊர் கேட்கவில்லை. அங்கே பிரித்து வைத்ததே சட்டம். இரு இனமும் சமம் என்று அச்சடித்துப் பரப்பினால் 500 டாலர் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று 1920-இல் மிசிசிப்பி சட்டம் போட்டது. நாவலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எழுதும் புத்தகத்துக்காக வேலைக்காரப் பெண்கள் தங்கள் கதையைச் சொல்ல ஏன் அப்படி நடுங்குகிறார்கள் என்பது இது தெரிந்தால்தான் புரியும். கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் 1963 ஜூன் 12 அன்று அதே ஊரில், தன் வீட்டு வாசலில் சுடப்பட்டார். நாவலும் அந்த இரவைத் தொட்டுப் போகிறது.

கூடிப் படிப்பவர்கள், வேலைக்காரி மின்னி தன் மலத்தைக் கலந்து எசமானிக்குத் தின்னக் கொடுக்கும் அந்தப் பேர்போன சாக்லேட் ‘பை’ (pie) பலகாரத்திலிருந்து தொடங்க வேண்டாம். சிரித்து முடித்ததும் பேச்சு படுத்துவிடும். வேலைக்குப் போகும் மின்னிக்கு அவள் அம்மா சொல்லித் தரும் விதிகளை முதலில் எடுங்கள். தினமும் அதே தட்டு, அதே குவளை, அதுவும் தனி அலமாரியில். ருசி பார்த்த கரண்டியைத் திரும்பச் சட்டியில் விடாதே. இரட்டைக் குவளை டீக்கடையை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

நாவல் சறுக்கும் இடங்களும் உண்டு. கெட்டது எல்லாவற்றையும் ஹில்லி என்ற எசமானி ஒருத்தி தலையில் கட்டிவிட்டதால், ஊரும் சட்டமும் தப்பித்துக்கொள்கின்றன. வெள்ளைக்கார ஆண்களால் நேர்ந்த பாலியல் தொல்லையை இந்தக் கதை மழுப்புகிறது என்று கறுப்பினப் பெண் வரலாற்றாய்வாளர் சங்கம் 2011-இல் கண்டித்தது, சரியாகத்தான். பேச்சு வழக்கையும் ஸ்டாக்கெட் வேலைக்காரர்களுக்கு மட்டும் கொச்சையாக எழுதி, எசமானிகளுக்குத் திருத்தமான மொழியைக் கொடுத்திருக்கிறார். கொங்கில் கதை எழுதுகிறவர்களும் அடிக்கடி விழும் குழி இது. பண்ணாடியும் ஆளும் பேசுவது ஏறக்குறைய ஒரே கொங்குத் தமிழ்தான். வித்தியாசம் விளிப்பதில் இருக்கிறது: அறுபது வயதுக்காரியைப் பொடியன் பேர் சொல்லி “வா, போ” என்பான், அவள் அவனைச் “சாமி” என்பாள்.

கூலிக் கணக்கு நாவலில் வருகிறது. அதன் வேர் வரவில்லை. அமெரிக்காவின் 1938 குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டுவேலைக்காரர்களை ஒதுக்கியே எழுதப்பட்டது. அவர்களைச் சேர்த்துக்கொள்ள 1974 ஆயிற்று. 1963 செப்டம்பரிலிருந்து அந்தச் சட்டத்துக்குள் வந்த பெரும்பாலோருக்கு மணிக்கு 1.25 டாலர் என்று கட்டாயம் இருந்தபோதும், இவர்களுக்கு எசமானி கொடுத்ததுதான் கூலி. நம்ம பக்கம் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-இல் வந்தது. வீட்டு வேலைக்கான 2011-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையில் (எண் 189) இந்தியா இன்னும் சேரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், கோயமுத்தூர் அடுக்குமாடிகளில் கோடு இப்போது ஜாக்சன் பக்கம் நகர்ந்துவிட்டது. சாதி விசாரித்தாவது சமையலுக்கு ஆள் வைக்கிறார்கள். கழிப்பறை மட்டும் கழுவத்தான், அவள் போக இல்லை. காலையில் வந்து நாலு வீடு முடிக்கும்வரை அடக்க வேண்டுமென்று தண்ணியே குடிக்காமல் இருப்பார்கள். நீர்க்கடுப்பு வருவது அதனால்தான். கீழே காவலாளிக்கென்று ஒன்று இருந்தாலும் பெண்கள் அங்கே போகத் தயங்குவார்கள், பல இடத்தில் தாழ்ப்பாளே சரியாக இருக்காது. குடியிருப்போர் சங்கம் நினைத்தால் கீழ்த்தளத்தில் தாழ்ப்பாளும் தண்ணியும் உள்ள ஒன்றைக் கட்டிவிடலாம். ஆனால் நாவலில் ஹில்லி கேட்டதும் அதையேதான். வீட்டுக்குள் இருப்பதைத் திறந்துவிடச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.