செந்தூல் வீட்டு 1060: உபுண்டு 24.04-க்கு ஏறிய பிறகு

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரைசன் 5 2600, 16 ஜிபி ரேம், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. 2016-இல் வந்த கார்டுதான், ஆனால் 1080பி திரைக்கு இன்றும் தாராளம். எஸ்எஸ்டி இரண்டு: ஒன்றில் என் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்), மற்றதில் தம்பியின் விண்டோஸ் 11. அவன் வாலரண்ட் விளையாட்டுப் பைத்தியம். விண்டோஸ் 11-இல் அதன் ஏமாற்றுத் தடுப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் ஏற்றவிடும் செக்யூர் பூட்டும் இருந்தால்தான் உள்ளே விடும். ஆகவே பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்கும் பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. கீழே வரும் பாதி வேலைக்கு இதுதான் காரணம்.

22.04-இலிருந்து 24.04-க்கு ஏறும் வேலை சத்தமில்லாமல் முடிந்தது. மறுபடி இயக்கினால் திரை 1024×768-இல் நிற்கிறது. செட்டிங்ஸில் வேறு அளவே இல்லை. டோட்டா 2 திறந்தால் மெனுவே ஒற்றை இலக்க ஃப்ரேமில் நகர்கிறது. எட்டிப் பார்த்த தம்பி உடனே தீர்ப்பு எழுதிவிட்டான்: "கார்டு போச்சு லா அண்ணே. லோயாட் போய் செகண்ட் ஹேண்ட் ஒன்னு பார்ப்போம், அப்படியே பசியாறிட்டு வரலாம்." லோயாட் என்பது கோலாலம்பூரின் கணினிக் கடைவளாகம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சிபியு விசிறி உயிரைக் கொடுத்து இரைகிறது. கார்டின் இரண்டு விசிறிகளும் அசையவே இல்லை, மேல்தகட்டைத் தொட்டால் குளிர்ச்சி. படம் வரையும் வேலை கார்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. செட்டிங்ஸில் 'அபௌட்' பக்கத்தைத் திறந்தால் கிராபிக்ஸ் வரியில் என்விடியா பெயரே காணோம். 'எல்எல்விஎம்பைப்' என்று இருக்கிறது. மேசா தொகுப்பில் உள்ள மென்பொருள் வரைவான் அது. கார்டு எதுவும் கிடைக்காதபோது சிபியுவை வைத்தே படத்தை வரைந்து தள்ளும். இந்த ரைசனில் உள்ளமைந்த கிராபிக்ஸும் கிடையாது, அதனால் வேறு போக்கிடமில்லை.

விளையாட்டு திணறினால் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான். அதில் என்ன பெயர் இருக்கிறது என்று தெரியாமல் ப்ரோட்டான் (விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் கருவி) பதிப்பை மாற்றுவதும் கிராபிக்ஸ் தரத்தைக் குறைப்பதும் வீண் வேலை.

சரி, நூவோவாவது ஓடியிருக்க வேண்டாமா? அது லினக்ஸின் மையமான கெர்னலோடு வரும், என்விடியா கார்டுகளுக்கான திறமூல டிரைவர். ஆனால் என்விடியா டிரைவர் பொதியை நிறுவும்போதே நூவோவைத் தடைப்பட்டியலில் போட்டுவிடும், இரண்டும் ஒரே கார்டுக்கு மோதக்கூடாது என்பதற்காக. இப்போது அந்தத் தடை இருக்கிறது, டிரைவர் இல்லை. மேலேற்றும் கருவி வெளிக் களஞ்சியங்களை வழக்கப்படி அணைத்துவிடும். என் பழைய டிரைவர் வந்ததோ பிபிஏ என்ற அப்படியொரு வெளிக் களஞ்சியத்திலிருந்து. அதன் மூலநிரலைப் புது 6.8 கெர்னலுக்காக டிகேஎம்எஸ் (டிரைவரின் கெர்னல் மாட்யூலை நம் கணினியிலேயே தொகுக்கும் கருவி) தொகுக்கப் பார்த்து, பாதியில் நின்றிருக்கிறது. நூவோவின் தடையை எடுத்தாலும் இந்தக் கார்டில் லாபம் குறைவு. 1060 சேர்ந்த பாஸ்கல் தலைமுறையில் வேகத்தை ஏற்ற, கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் தேவை. அது நூவோவின் கையில் இல்லை. பூட் ஆகும்போதுள்ள குறைந்த வேகத்திலேயே கார்டு நின்றுவிடும்.

பழைய என்விடியா பொதிகளைச் சுத்தமாக நீக்கிவிட்டு உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில் என்விடியா டிரைவரின் 580 வரிசையைத் தேடினேன். கூட வேலை செய்யும் நண்பர், "பேருக்குப் பின்னால 'ஓப்பன்'னு இருக்கறதைப் போடுங்க, அதுதான் புதுசு" என்றார். புதியதுதான், ஆனால் 1060-க்கு ஆகாது. அந்தத் திறமூல மாட்யூல்களுக்குக் கார்டினுள்ளே ஜிஎஸ்பி என்ற செயலி வேண்டும். அது பிறகு வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் உண்டு. பாஸ்கலுக்கு 'ஓப்பன்' ஒட்டில்லாத 580. என்விடியா தளத்தில் கிடைக்கும் 'ரன்' கோப்பும் எனக்கு வேண்டாம். அதை ஓட்டி நிறுவினால் உபுண்டுவின் பொதி மேலாளரான ஆப்ட்டுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. பிறகு எந்தக் கெர்னல் புதுப்பிப்பில் கை கொடுக்கும், எதில் கை விடும் என்று சொல்ல முடியாது.

580 நிறுவியாயிற்று, டிகேஎம்எஸ்-உம் இம்முறை ஒழுங்காகத் தொகுத்தது. ஆனாலும் திரை அதே 1024. மாட்யூலைக் கையால் ஏற்றிப் பார்த்தால் பதில்: 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'. செக்யூர் பூட் தன் வேலையைச் செய்கிறது. வீட்டில் தொகுத்த மாட்யூலில் இருப்பது வீட்டுக் கையொப்பம், மதர்போர்டுக்கு அது யாரோ. அதை அறிமுகப்படுத்தத்தான் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்பார்கள்; அடுத்த பூட்டில் நீலத் திரை வரும்; அதில் 'என்ரோல் மொக்' (நம் சாவியைப் பதிவு செய்வது) தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். பத்து விநாடிக்குள் ஏதாவது விசையை அழுத்தாவிட்டால் அது பாட்டுக்கு உபுண்டுவுக்குப் போய்விடும். என் திரை விழித்துக்கொள்ள எடுக்கும் நேரத்தில் அந்தப் பத்து விநாடி ஓடியே போனது.

மறுபடி அந்தச் சடங்கைச் செய்திருக்கலாம். அதைவிட நல்ல வழி இருக்கிறது: உபுண்டுவைத் தயாரிக்கும் கெனானிக்கல் தானே தொகுத்துக் கையொப்பமிட்டுத் தரும் 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா-580' பொதி. கெர்னல் சாதாரண ஜெனரிக்கா, புது வன்பொருளுக்கான எச்டபிள்யூஇ-யா என்று முதலில் பார்த்து, அதற்குப் பொருந்துவதை எடுக்க வேண்டும். எடுத்தேன், டிகேஎம்எஸ் பொதியை நீக்கினேன், மறுதொடக்கம். உள்நுழையும் திரையே முழு 1080பி-யில் வந்தது. என்விடியா-எஸ்எம்ஐ ஓட்டினால் கார்டின் பெயர், வெப்பம், நினைவகம் எல்லாம் அட்டவணையில். செக்யூர் பூட் அப்படியே இருக்கிறது. தம்பியின் விண்டோஸில் கை வைக்கவில்லை.

டோட்டா முதல் ஆட்டத்தில் அங்கங்கே முட்டியது. டிரைவர் மாறினால் சேமித்து வைத்த ஷேடர்கள் (படம் வரையும் சிறு நிரல்கள்) செல்லாது, கிராபிக்ஸ் இடைமுகமான வல்கன் எல்லாவற்றையும் புதிதாகத் தொகுக்கும். ஸ்டீம் அதற்கென ஒரு பட்டையை ஓட்டிக் காட்டும். அதை 'ஸ்கிப்' அடிக்காமல் விட்டேன், பிறகு சீராகிவிட்டது.

அடுத்து ஒன்று கிளம்பியது. ப்ரோட்டானில் புது விளையாட்டுகள் ஓடுகின்றன, பழைய 32 பிட் விளையாட்டுகள் மட்டும் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கின்றன. பழைய டிரைவரை நீக்கியபோது அதன் 32 பிட் நூலகங்களும் சேர்ந்து போயிருந்தன. 'லிப்என்விடியா-ஜிஎல்-580' பொதியின் ஐ386 (32 பிட்) வடிவத்தைப் போட்டதும் சரியாயிற்று. 64 பிட் பொதியும் இதுவும் கடைசிப் புள்ளி வரை ஒரே பதிப்பாக இருக்க வேண்டும்.

மாக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா கார்டுகளுக்கு 580-தான் கடைசி வரிசை என்று என்விடியா அறிவித்துவிட்டது. எனவே அடுத்த எல்டிஎஸ்-க்கு (உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) ஏறும்போது, அந்தக் களஞ்சியத்தில் 580 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். லோயாட் பயணம் அதுவரை தள்ளிவைப்பு. தம்பிக்கு அதில் வருத்தம்தான்.

மீதி இருப்பது தூக்கம். பெட்டியைத் தூங்கவைத்து எழுப்பினால் சில ஜன்னல்களில் படம் கலங்கி வருகிறது. தூங்கும் முன் கார்டின் நினைவகத்தைச் சேமித்து வைக்கும் அமைப்பு டிரைவரில் உண்டு. அதை இயக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.