ஆடிவேலும் ஒரு ஜம்போலப் பழமும்

கொழும்பில் ஆடிவேல், செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து முருகனின் வேல் தேரில் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும் நாள். தெரு நகைக்கடைகளின் வாசலில் நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைக்கத் தொடங்கியிருந்தார்கள். தேங்காய்த் தண்ணீர் தாரில் ஓடி வெறுங்காலில் பிசுபிசுத்தது. வெள்ளித்தேர் அசைந்ததும் "அரோகரா" என்ற குரல் எழும்பியது. பெரியம்மா கண்களை மூடிக்கொண்டார். அவர் பையில் கற்பூரம், வெற்றிலையோடு ஒரு ஜம்போலப் பழமும் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "பம்பலப்பிட்டி வரட்டும், சொல்லுறன்" என்றார்.

கதிரேசன் என்ற பெயருக்குள்ளேயே ஓர் ஊர் இருக்கிறது, கதிர்காமம். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் அதைக் கஜரகாமம் என்கிறது. அங்கே ஆடி விழா நடக்கிற காலத்தில்தான் இங்கும் வேல் புறப்படுகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களைத் தேடி அந்த ஊரே கொழும்புக்கு வந்துவிடுவதாகத்தான் எனக்குத் தோன்றும்.

கொழும்பு என்ற பெயரும் பழையது. கொலம்பஸின் பெயரால் வந்தது என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். போர்த்துக்கீசர் வந்தது 1505இல். அதற்கு முன்பே, 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இபன் பதூதா இந்த ஊரைக் 'கலன்பு' என்று எழுதிவிட்டார். அதற்கு ழகரம் கொடுத்தது நம் நாக்கு.

தேரின் பின்னால் நடக்கும்போது புறக்கோட்டை என்ற சொல் முதல் தடவையாகக் காலுக்குப் புரிந்தது. கோட்டைக்குப் புறத்தே இருந்து உள்ளே நடக்கிறோம். ஆனால் கோட்டை எங்கே? மதில்களை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டிலேயே இடித்துவிட்டார்கள். பெயர்தான் மிச்சம். காலிமுகத்திடலில் கடற்காற்று கற்பூரத்தை அணைத்துக்கொண்டே இருந்தது. இடப்பக்கம் உள்ளே கொம்பனித்தெரு. ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை அடைத்து வைத்த இடம் அது. ஆங்கிலப் பெயரும் நெடுங்காலம் 'அடிமைத்தீவு' என்றே இருந்தது. அங்கே சிவசுப்பிரமணியர் குடியிருக்கிறார் என்று நினைத்ததும் என் கைகள் தாமாகக் குவிந்தன.

கொள்ளுப்பிட்டி தாண்டி, இருட்டிய பிறகு பம்பலப்பிட்டி. சிங்களத்தில் பிட்டிய என்றால் திடல். ஜம்போல மரங்கள் நின்ற திடல் என்பதால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். நாம் பம்பளிமாஸ் என்கிறோமே, அதே பழம். ஒரு மரத்தைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை.

"சாமி இந்த ஊருக்கு வந்தால் ஊரின்ர பழத்தைத்தானே குடுக்க வேணும், பிள்ளை" என்றார் பெரியம்மா. ஐயர் தட்டை வாங்கி வேலின் முன்னால் காட்டித் திருப்பித் தந்தார். கோயில் படியில் உட்கார்ந்து தடித்த தோலை நகத்தால் கிழித்தோம். வெளிர்சிவப்புச் சுளைகள். பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த சிங்கள அம்மாவுக்கும் பெரியம்மா இரண்டு சுளை கொடுத்தார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஜம்போல" என்றார்.