பூந்த் இயக்க வரலாற்றைத் தேர்வுக்குப் படித்த முறை

முதுகலை வரலாற்றில் நவீன ஐரோப்பா தாளுக்காகப் படித்தபோது, 'பூந்த்' என்று சுருக்கமாக அறியப்படும் யூதத் தொழிலாளர் பொதுச் சங்கத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்கினேன். பாடநூல்கள் பலவும் அதை ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் 1903 மாநாட்டிலிருந்து வெளிநடப்புச் செய்த குழு என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. குறுவினாவுக்கு அந்த வரி போதும்; கட்டுரை வினாவுக்குப் போதாது.

யூதத் தொழிலாளி எந்த மண்ணில், யாரோடு சேர்ந்து போராட வேண்டும் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு படிப்பதே நல்லது. 1897 ஆகஸ்டில் பாசல் நகரில் கூடிய முதல் சியோனிச (யூதர்களுக்குத் தனித் தாயகம் கோரிய இயக்கத்தின்) மாநாடு, பாலஸ்தீனத்தில் ஒரு தாயகம் வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில், ஜார் ஆட்சிக்கு உட்பட்டிருந்த வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) பதின்மூன்று பேர் ரகசியமாகக் கூடித் தொடங்கிய பூந்த், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷைப் பேசும் தொழிலாளர்கள் தாங்கள் வாழும் நாட்டிலேயே சோசலிசத்துக்கும் சம உரிமைக்கும் போராட வேண்டும் என்றது. பின்னாளில் பண்பாட்டுத் தன்னாட்சியும் (மொழி, கல்வி போன்றவற்றை யூதர்கள் தாங்களே நடத்தும் உரிமை) அதன் கோரிக்கையாயிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். தொடக்க நாள் சில நூல்களில் செப்டம்பர் 25 என்றும் சிலவற்றில் அக்டோபர் 7 என்றும் இருக்கும். பழைய ரஷ்ய நாட்காட்டி பன்னிரண்டு நாள் பின்தங்கியிருந்ததே காரணம் என்பதால், எந்த நாட்காட்டியைப் பின்பற்றுகிறீர்கள் என்று விடையில் குறித்துவிடுங்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் 1903தான். 1898-இல் மின்ஸ்கில் ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி பிறந்தபோது, வந்திருந்த ஒன்பது பிரதிநிதிகளில் மூவர் பூந்தைச் சேர்ந்தவர்கள். அப்படிப்பட்ட அமைப்பு, பிரஸ்ஸல்ஸில் தொடங்கி லண்டனில் முடிந்த இரண்டாவது மாநாட்டில், யூதத் தொழிலாளரின் ஒரே பிரதிநிதியாகத் தன்னை ஏற்கும்படி கேட்டுத் தோற்று, தன் ஐந்து பிரதிநிதிகளோடு வெளியேறியது. அரசியலைவிடத் தொழிலாளரின் பொருளாதாரக் கோரிக்கைகளுக்கே முதலிடம் தந்த 'பொருளாதாரவாதிகள்' இருவரும் வெளியேறவே, 51 வாக்குகள் 44 ஆயின. யார் கட்சி உறுப்பினராகலாம் என்ற விதி குறித்த வாக்கெடுப்பில், வெளியேறிய இந்த ஏழு வாக்குகளின் துணையோடு வென்றிருந்த மார்தோவ் (லெனினை எதிர்த்த தலைவர்) தரப்பு 20-க்குச் சுருங்க, லெனின் தரப்பு 24-உடன் பெரும்பான்மை ஆயிற்று. இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தவருக்கு போல்ஷெவிக் (பெரும்பான்மையினர், லெனின் தரப்பு), மென்ஷெவிக் (சிறுபான்மையினர், மார்தோவ் தரப்பு) பிரிவு மறக்காது. பூந்த் 1906-இல் கட்சிக்குத் திரும்பியதைப் பலரும் எழுதாமல் விடுகிறார்கள்.

இரு உலகப் போர்களுக்கு இடையே பூந்த் போலந்தில் செயல்பட்ட காலத்தை வழிகாட்டி நூல்கள் தொடுவதே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. ஹென்ரிக் எர்லிக், விக்டர் ஆல்டர் ஆகியோரின் தலைமையில் தொழிற்சங்கம், பள்ளி, இளைஞர் அணி என்று வேர்விட்ட பூந்த், 1938 டிசம்பரில் வார்சா நகராட்சித் தேர்தலில் யூதக் கட்சிகள் வென்ற 20 இடங்களில் 17-ஐப் பிடித்தது.

இயக்கம் ஏன் மறைந்தது என்று கேட்டால் ஒரே காரணத்தை எழுதாதீர்கள். ரஷ்யாவில் அது பிளவுபட்டு, ஒரு பகுதி 1921-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் கரைந்தது. போலந்தில் அதன் மக்களையே நாஜிகள் கொன்றொழித்தார்கள். வார்சா கெட்டோவில் (நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதி) நடந்த எழுச்சியின் தளபதிகளுள் ஒருவரான மாரெக் எடெல்மன் பூந்த் உறுப்பினர். எர்லிக்கும் ஆல்டரும் சோவியத் காவலில் மாண்டார்கள். எஞ்சியிருந்த போலந்துக் கட்சி 1949-இல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் கலைக்கப்பட்டது.