டபுள் கிளிக் செய்தால் படம் திறக்க வேண்டும்

வீட்டுப் படங்களைப் பார்ப்பதற்காகப் பைத்தானிலும் ஜிடிகே 4-இலும் (விண்டோ, பட்டன் எல்லாம் வரையும் லைப்ரரி) ஒரு சின்ன வியூவர் எழுதிக்கொண்டிருக்கிறேன். லினக்ஸில் ஓடுகிறது. போன மாதம் வரை, பட்டனை அழுத்தி ஃபோல்டரைக் காட்டினால்தான் படம் வரும். அம்மாவுக்கு ஃபைல் மேனேஜரில் படத்தையே டபுள் கிளிக் செய்துதான் பழக்கம். அவர் பயன்படுத்தத்தான் இதை எழுதுகிறேன், எனவே அது வேலை செய்தாக வேண்டும்.

டபுள் கிளிக்கும் உள்ளுக்குள் கமாண்ட் லைன்தான். படத்தின் பாதை ஆர்க்யுமென்ட்டாக நம் நிரலுக்கு வந்து சேர்கிறது. அதனால் முதலில் டெர்மினலிலேயே சோதித்தேன். நிரலின் பெயர், ஒரு படத்தின் பெயர், என்டர். விண்டோ வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. இரண்டு மாலை இதிலேயே போனது. 'ஹேண்டில்ஸ் ஓப்பன்' ஃப்ளாக் (இந்த நிரல் ஃபைல்களைத் திறக்கும் என்று ஜிடிகேயிடம் சொல்வது) கொடுத்த நிரலை ஃபைலோடு கூப்பிட்டால் 'ஓப்பன்' என்ற ஃபங்ஷன் ஓடும், ஃபைல் இல்லாமல் கூப்பிட்டால் ஓடும் 'ஆக்டிவேட்' ஓடாது. நானோ ஓப்பனில் ஃபைல் பெயரை ஒரு மாறியில் எடுத்து வைத்ததோடு சரி, விண்டோ உருவாக்கும் வரிகள் எல்லாம் ஆக்டிவேட்டுக்குள் இருந்தன. விண்டோ ஏதும் இல்லாததால் நிரல் சத்தமில்லாமல் முடிந்துவிட்டது. அந்த வரிகளைத் தனி ஃபங்ஷனாக்கி இரண்டிலிருந்தும் கூப்பிட்டதும் படம் வந்தது.

அப்புறம் டெஸ்க்டாப் ஃபைல், அதாவது நம் நிரலை எப்படிக் கூப்பிடுவது என்று ஃபைல் மேனேஜருக்குச் சொல்லும் ஃபைல். அதில் கமாண்டை எழுதும் எக்ஸெக் வரியில் சதவீதக் குறியோடு சின்ன எஃப் போட்டிருந்தேன். ஐந்து படங்களைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் கடைசிப் படம் மட்டும் நின்றது. சின்ன எஃப் என்றால் ஒரு படத்துக்கு ஒருமுறை என நிரல் ஐந்து முறை கூப்பிடப்படும். பெரிய எஃப் என்றால் ஐந்து பாதைகளும் ஒரே அழைப்பில் வரும். படத்தின் பெயரில் இடைவெளி இருக்கிறதே என்று அந்த எஃப் குறியைச் சுற்றி மேற்கோள் குறி போடக் கூடாது. ஒவ்வொரு பாதையும் உடையாமல் தனி ஆர்க்யுமென்ட்டாகத்தான் வருகிறது.

முழுத்திரை, ஸ்லைடு ஷோவுக்கு எத்தனை நொடி என்ற இரண்டு ஆப்ஷன்களையும் சேர்க்க ஆசை. அதற்காக 'ஹேண்டில்ஸ் கமாண்ட் லைன்' ஃப்ளாக்குக்கு மாறினேன். இதில் ஓப்பனும் ஆக்டிவேட்டும் தாமாக ஓடாது, எல்லாவற்றையும் நாமே கவனிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இங்கேதான் கிடைத்தது.

பொங்கல் ஃபோல்டரிலிருந்து வியூவரைத் திறந்து வைத்திருந்தேன். இன்னொரு டெர்மினலில் குற்றாலம் ஃபோல்டருக்குப் போய் '01.ஜேபிஜி' என்று கொடுத்தேன். அருவி வர வேண்டிய இடத்தில் எங்கள் வாசலில் பானை பொங்கிக்கொண்டிருந்தது!

இரண்டு ஃபோல்டரிலும் 01 உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குத்தான் டி-பஸ் (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) மூலமாக ஆர்க்யுமென்ட் போகிறது. அந்த நிரல் '01'-ஐத் தான் பிறந்த ஃபோல்டரில் தேடியிருக்கிறது. பெயர் வேறாக இருந்திருந்தால் 'ஃபைல் இல்லை' என்று வந்திருக்கும், நானும் வேறெங்கோ தேடியிருப்பேன். கூப்பிட்டவர் நின்ற ஃபோல்டரும் அந்த அழைப்போடு சேர்ந்தே வருகிறது. அழைப்பைச் சுமந்து வரும் கமாண்ட் லைன் ஆப்ஜெக்ட்டில் உள்ள 'கிரியேட் ஃபைல் ஃபார் ஆர்க்' என்ற ஃபங்ஷன் அந்த ஃபோல்டரைப் பார்த்துச் சரியான பாதையைக் கொடுத்துவிடுகிறது. ஒரே வரி மாற்றம், அருவி வந்தது.

பிழைச் செய்திக்கும் இதே கதைதான். பைத்தானின் சாதாரண பிரின்ட் முதல் டெர்மினலில் போய் விழுகிறது. அதே ஆப்ஜெக்ட்டின் 'பிரின்ட் எர்ர் லிட்டரல்' வழியாக அனுப்பினால் கூப்பிட்டவரின் டெர்மினலுக்கு வருகிறது.

நேற்று அம்மா பொங்கல் படங்கள் பன்னிரண்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் திறந்தார். பன்னிரண்டும் வந்தன. ஸ்லைடு ஷோ நொடி மட்டும் இன்னும் பாக்கி.