பதினெட்டுக்குப் பிறகும்: வேலூரில் ஒரு வளர்ப்புப் பராமரிப்பு அனுபவம்

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்துகொண்டிருந்த பதினாறு வயதுப் பெண் ஒருத்தியை என் வீட்டுக்கு அழைத்துவரப் போகிறேன் என்று சொன்னபோது, என்னோடு பணியாற்றும் ஆசிரியைகள் பலரும், "தத்து எடுக்கப் போறீங்களா டீச்சர்?" என்றுதான் கேட்டார்கள். நான் கேட்டது தத்து அல்ல, வளர்ப்புப் பராமரிப்பு. தத்தெடுப்பில் பெற்றவர்களின் உரிமை முடிந்து, பிள்ளை சட்டப்படி நம்முடையதாகிவிடும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொல்லும் வளர்ப்புப் பராமரிப்பில், மாவட்டந்தோறும் உள்ள குழந்தை நலக் குழுவின் ஆணைப்படி பிள்ளை நம் வீட்டில் வளரும். பெற்றவர்கள் பெற்றவர்களாகவே இருப்பார்கள், குழு தடுக்காதவரை வந்து பார்க்கவும் செய்யலாம். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அநாதைகள் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள், ஆனால் வளர்க்கும் நிலையில் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளை எளிதில் தத்து கொடுக்கவும் முடியாது.

கணவரை இழந்த நான் தனியாளாக விண்ணப்பிக்க முடிந்ததற்கு, 2024-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி நெறிமுறைகள்தான் காரணம். அதற்கு முன் தம்பதிகளுக்கு மட்டுமே இந்த வாய்ப்பு இருந்தது. இப்போது தனித்து வாழும் பெண் எந்தப் பிள்ளையையும், தனித்து வாழும் ஆண் ஆண்பிள்ளையை மட்டும் வளர்க்கலாம். ஐம்பத்தேழு வயதில் சிறு குழந்தைக்கு ஆசைப்படும் எண்ணம் எனக்கு இல்லை. கைக்குழந்தைக்காகக் காத்திருப்போர் வரிசை நீளமானது. மீசை அரும்பிய பையனையும் பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணையும் கேட்டு வருபவர்கள் அரிது.

விண்ணப்பம் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டிய வேலைதான். ஆதார், வருமானச் சான்று, மருத்துவச் சான்று, காவல் துறைச் சரிபார்ப்பு, நம்மை அறிந்தவர்களின் பரிந்துரை ஆகியவற்றைத் திரட்டி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்தேன். இதில் பொறுமையைத் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை.

வீட்டாய்வு அப்படியல்ல. வந்த பாதுகாப்பு அலுவலர் அம்மையார் என் பீரோவையோ தொலைக்காட்சியையோ திரும்பிப் பார்க்கவில்லை. பெண் படுக்கப்போகும் அறைக்குள் போய்க் கதவின் உட்தாழ்ப்பாளைப் போட்டு, திறந்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார். குளியலறைத் தாழ்ப்பாளையும் அவ்வாறே செய்தார். மாடியில் குடியிருப்பவர்கள் யார், எந்த வழியாக ஏறுவார்கள் என்று விசாரித்தார். பெங்களூரில் இருக்கும் என் மகளைத் தொலைபேசியில் அழைத்து, அவளுக்குச் சம்மதமா என்று என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார். கிளம்பும் நேரத்தில், "நாளைக்கு உங்களுக்கு உடம்புக்கு முடியலன்னா பொண்ணு யாருகிட்டம்மா போவா?" என்று கேட்டார். படிவத்தில் என் வருமானத்தைப் பற்றிப் பல கட்டங்கள் இருந்தன. இந்தக் கேள்விக்கான கட்டம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. என் பார்வையில் மொத்த ஆய்விலும் பெறுமதி வாய்ந்தது அந்த ஒரு கேள்விதான்.

பெண்ணின் தாய் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். மறுமணம் செய்துகொண்ட இடத்தில் மூத்த தாரத்துப் பிள்ளைகள் இருப்பதால் மகளை வைத்துக்கொள்ள முடியவில்லை. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டதால், தாயின் நிலையை விசாரிக்கும் அறிக்கை அந்த மாவட்டத்து அலகிலிருந்து வர வேண்டியிருந்தது. தாமதத்தில் பெரும்பகுதி இதனால்தான். விசாரணைக்குப் போனவர்களிடம் அந்த அம்மாள், "என் பொண்ண அவங்க பேருக்கு எழுதி வாங்கிக்குவாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். குழுவின் முன்னிலையில் நாங்கள் சந்தித்தபோது, பெண்ணின் இனிஷியல் மாறாது, பள்ளிச் சான்றிதழில் அம்மா பெயர் அப்படியே இருக்கும் என்று தலைவர் நிதானமாக விளக்கிய பிறகே அவர் முகம் தெளிந்தது. பெண்ணிடம் தனியாகப் பேசினார்கள். அவள் வைத்த ஒரே நிபந்தனை, இல்லத்துத் தோழிகளைப் பார்க்க விட வேண்டும் என்பது. அது அவளுடைய பராமரிப்புத் திட்டத்திலேயே எழுதப்பட்டது.

வந்த புதிதில் அவள் பேருந்தில் தனியாகப் போனதே இல்லை என்பது எனக்குத் தெரியவந்தது. இல்லத்தில் எங்கு போனாலும் வரிசையாக, வார்டனோடுதான் போவார்கள். காட்பாடிக்குப் போகும் நகரப் பேருந்தில் நடத்துநரிடம் பத்து ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டே நின்றாள். பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அவர் சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகும் தாளை மடக்காமல் என்னைப் பார்த்தாள். படிப்பில் கெட்டிக்காரி, ஆனால் சில்லறைக் காசைக் கையாண்டு பழக்கமில்லை. பதினெட்டு முடிந்ததும் இப்படிப்பட்ட ஒருத்தியிடம் பையைக் கொடுத்து அனுப்பிவிட்டால் அவள் என்னதான் செய்வாள் என்ற கவலை எனக்கு அன்றிலிருந்துதான் பிடித்தது.

ஆணை பதினெட்டு வயது வரைதான். குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளையின் பராமரிப்புக்காகக் கிடைக்கும் மாதம் 4,000 ரூபாயும் அதுவரைதான். ஆகவே அலுவலர் கேட்ட கேள்விக்கு என்னைத் தவிரவும் பதில் தேடினேன். காட்பாடியில் இருக்கும் என் தம்பியையும் அவன் மனைவியையும், இல்லத்தில் அவளுக்குத் தையல் கற்றுக்கொடுத்த அக்காவையும், அதே இல்லத்தில் வளர்ந்து இப்போது ராணிப்பேட்டையில் வேலை பார்க்கும் இளைஞரையும் ஒருநாள் வீட்டுக்கு அழைத்து, அவள் தாயையும் வைத்துக்கொண்டு பேசினோம். "எப்பவும் இருக்கோம்" என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பேச்சோடு விட எனக்கு மனமில்லை. மருத்துவமனை என்றால் தம்பி மனைவி, வேலை தேடும் விஷயம் என்றால் அந்த இளைஞர், தீபாவளிக்கு மறுநாள் ஆம்பூர், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் தங்குவது தம்பி வீட்டில் என்று பெயர் போட்டு எழுதி, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டோம். இதற்குச் சட்ட மதிப்பு ஒன்றுமில்லை. ஆனால் பெண் அதைத் தன் சான்றிதழ்க் கோப்பில் வைத்திருக்கிறாள்.

இதே வழியில் போக நினைப்பவர்கள், பிள்ளைக்குப் பதினேழு வயது நடக்கும்போதே சில காரியங்களை முடித்துவிட வேண்டும். ஆதாரில் இல்லத்தின் முகவரி இருந்தால் மாற்றுங்கள். சாதிச் சான்றுக்குத் தாயின் ஆவணங்கள் தேவைப்படும். உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சட்டத்தின் 46-ஆவது பிரிவு பதினெட்டுக்குப் பிந்தைய நிதியுதவியை இல்லத்தைவிட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கென்றே சொல்கிறது. ஆகவே அவள் இல்லத்தில் இருந்த காலத்தையும் பதிவு செய்து தருமாறு குழுவிடம் முன்கூட்டியே மனு கொடுத்திருக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வரும் ஆவணியில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. 4,000 ரூபாய் நின்றுவிடும், அலுவலர் வந்து பார்ப்பதும் நின்றுவிடும். அறையை யாருக்காவது வாடகைக்கு விடுவீர்களா என்று மாடி வீட்டுக்காரர் கேட்டார். அது பெண்ணின் அறை, காலியாகாது என்று சொல்லிவிட்டேன்.