அத்த நாளில் நாட்டரசன்கோட்டை

நாட்டரசன்கோட்டைக்கு வருகிற பலரும் கண்ணாத்தாள் அம்மனைக் கும்பிட்டு, கண் வடிவில் செய்த கண்மலர் சாத்தி, கையோடு சிவகங்கைக்கோ காரைக்குடிக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். அதே ஊரில் கம்பர் சமாதி இருக்கிறது என்று சொன்னால், "எந்தக் கம்பர்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. இராமகாதை பாடிய கம்பர்தான். சோழ நாட்டுத் தேரழுந்தூரில் பிறந்தவர், மகன் அம்பிகாபதியைப் பறிகொடுத்து, சோழனோடு மனம் கசந்து பாண்டிச் சீமைக்கு நடந்து வந்தார் என்பது செவிவழிக் கதை. முடிக்கரை என்ற ஊருக்கு வழி கேட்டாராம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன், "அடிக்கரையைப் பிடித்துப் போனால் முடிக்கரை" என்றானாம். மாடு மேய்க்கிற பிள்ளை வாயிலேயே இப்படித் தமிழ் வந்து விழுகிற ஊரை விட்டு எங்கே போவது என்று கம்பர் இங்கேயே தங்கிவிட்டார் என்கிறார்கள். வரலாற்றுக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்று நான் கவலைப்படுவதில்லை. முடிக்கரை இன்றும் இருக்கிறது. சமாதியும் இருக்கிறது. பங்குனி மாதத்து அத்த நட்சத்திரத்தன்று மாலையோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

கம்பர் தம் காவியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றியது பங்குனி அத்தத்தில் என்று ஒரு பழைய தனிப்பாடல் சொல்கிறது. சக ஆண்டு 807 என்று கணக்கும் தருகிறது, கி.பி. 885 ஆகிறது. அதெல்லாம் இல்லை, 12ஆம் நூற்றாண்டுதான் என்பவர்கள் பலர். ஆண்டில்தான் வழக்கு, நாளில் இல்லை. 'கம்பன் அடிப்பொடி' சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது இந்த நாளைத்தான் பிடித்துக்கொண்டார். மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில் விழா. நான்காம் நாள் அத்தத்துக்கு நாட்டரசன்கோட்டையில் மலர் வணக்கம்.

என்னை முதன்முதலில் அங்கே அழைத்துப் போனவர் ஒரு வேதக்காரர். எங்கள் அப்பத்தா அப்படித்தான் சொல்வார். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அவர் தமிழ் சார். சருகணிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பையனாக இருந்தபோது, சருகணியில் வாழ்ந்து 1973இல் அங்கேயே மறைந்த லெவே அடிகளாரின் பூசைக்குப் பீடச் சிறுவனாக நின்றவர். சட்டைப்பையில் ஜெபமாலை, கையில் கம்பராமாயணம். இரண்டும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

போன மார்கழியில் சார் காலமானார். அடக்கத்துக்குப் போனேன்; கூட்டத்தில் பெட்டியைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. திரும்பி வந்த பிறகு ஒரு சங்கடம் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் ஒருவர் போனால் இன்ன நாள் இன்னது என்று வரிசை இருக்கிறது. வாத்தியாருக்கு, அதிலும் வேறு மதத்து வாத்தியாருக்கு, நான் என்ன செய்வது? எள்ளும் தண்ணீரும் இறைக்க முடியாது. சும்மா இருக்கவும் முடியவில்லை. பங்குனி வந்தது. அத்தத்துக்கு நாட்டரசன்கோட்டை போவோம் என்று முடிவு செய்தேன். என் அம்மாவுக்கு, எங்கள் வழக்கில் ஆத்தாவுக்கு, மார்கழித் தொடக்கத்தில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கண்ணாத்தாளுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்திருந்தார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு கார் பேசினோம்.

முதலில் அம்மன். பால் விற்கப் போகிறவர்கள் ஓரிடத்தில் தினமும் கால் இடறிப் பால் கொட்ட, அந்த இடத்தைத் தோண்டியபோது கிடைத்த அம்மன் இவள் என்பது தலபுராணம். கண்ணுடைய நாயகி என்பது ஏட்டுப் பெயர். ஊர் வாய்க்குக் கண்ணாத்தாள். தைப் பொங்கலுக்கு அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை இந்தக் கோயில் வாசலில் நகரத்தார் குடும்பங்கள் எல்லாம் வரிசையாக வைக்கிற செவ்வாய்ப் பொங்கலைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடமில்லை. கடையில் வாங்கிய வெள்ளிக் கண்மலரை ஆத்தா உள்ளங்கையில் வைத்து, வெயில் பக்கம் திரும்பி, அறுவை செய்த கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இடது கண் சின்னதாக இருக்கிறது. மாற்றித் தரச் சொல்." கடைக்காரர் வேறொன்று கொடுத்தார். அதையும் அதேபோல் பார்த்துத்தான் வாங்கினார். இத்தனை நுணுக்கமாகப் பார்க்க முடிகிறதே, அதற்குமேல் அம்மனிடம் என்ன கேட்பது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆத்தா சன்னிதியில் நெடுநேரம் நின்றார்.

பிறகு சமாதி. கூட்டம் வருமுன் போய்விட்டோம். சிறிய இடம், பெரிய கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏமாற்றமாக இருக்கும். இந்த மண்ணை எடுத்துக் குழந்தைகளின் நாவில் வைத்தால் கல்வி வரும் என்று சுற்றுவட்டாரத்தில் நம்புகிறார்கள். சார் எங்களை அழைத்து வந்த அன்று ஒருவன் கை நிறைய மண்ணை அள்ளிவிட்டான். "இதைத் தின்றால் தமிழ் வராது, படித்தால்தான் வரும்" என்று சார் அதட்டினார். அவனோ, "அப்படியானால் கொட்டிவிடட்டுமா சார்?" என்றான். கொட்டவும் விடவில்லை. ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்து அவன் பையில் வைத்தவர், தன் ஊர்க் கதையைச் சொன்னார். காய்ச்சல் வந்தால் அவருடைய அம்மா ஓரியூர் மண்ணைத் தண்ணீரில் கரைத்து நெற்றியில் பூசுவார்களாம்.

ஓரியூர் அருளானந்தரின் ஊர். லிஸ்பனில் பிறந்து, மதுரை மிஷனுக்கு வந்து, காவி கட்டி மரக்கறி உண்டு மறவர் சீமையில் வாழ்ந்த யோவான் தெ பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டார். 1947இல் புனிதர் பட்டம் பெற்றார். அவர் இரத்தம் பட்டுச் சிவந்த மண் என்று சொல்லி இன்றும் அதை எடுத்துப் போகிறார்கள். சாருக்கு இரண்டு மண்ணும் அடுத்தடுத்த ஊர்களில் இருந்தன. ஒன்றைப் பெரிது, மற்றதைச் சிறிது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்றுதான் என்று குழப்பியதும் இல்லை.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் இப்படிப்பட்டவர்கள் இறந்தால் 'மதம் கடந்த மாமனிதர்' என்று போஸ்டர் ஒட்டிவிடுகிறார்கள். சார் எந்த மதத்தையும் கடக்கவில்லை. ஞாயிறு பூசை தவறியதில்லை. கோயிலில் திருநீறு நீட்டினால் கைகூப்பி, "வேண்டாம் சாமி" என்று ஒதுங்கிக்கொள்வார். ஒருமுறை சமாதியில் ஒரு பெரியவர், "வேதக்காரருக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டுவிட்டார். சாருக்குக் கோபம் வரவில்லை. "சாமி கும்பிட வரவில்லை ஐயா. என் வாத்தியாரைப் பார்க்க வந்தேன். கல்லறைக்குப் பூக் கொண்டுபோவது எங்களுக்குப் பழக்கம்தான்" என்றார். இதே கேள்வி அவர் மதத்தவர் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது; அதற்கு வேறு பதில் வைத்திருந்தார். வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, கம்பன் நடையிலேயே இரட்சணிய யாத்திரிகம் பாடி 1894இல் வெளியிட்டார். கிறித்தவக் கம்பர் என்றே பெயர் வாங்கினார். "அவர் மதத்தை மாற்றினார், வாத்தியாரை மாற்றவில்லை" என்பார் சார்.

வகுப்பில் அவர் கம்பனை நடத்தியதைவிட, கம்பனை வைத்து வகுப்பை நடத்தியதுதான் எனக்கு நினைவிருக்கிறது. நால்வராகப் பிறந்தவர்கள் குகனோடு ஐவராகி, சுக்கிரீவனோடு அறுவராகி, வீடணனோடு எழுவரானதாக இராமன் கணக்குச் சொல்லும் இடம் எல்லாருக்கும் தெரியும். நடு ஆண்டில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். மலேசியாவிலிருந்து குடும்பத்தோடு திரும்பியவன், தமிழ் எழுதத் திணறுகிறவன். சார் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்து, "நாற்பத்தொருவர் ஆனோம்" என்றார். அவ்வளவுதான். அவனை அறிமுகப்படுத்தவில்லை, யாரையும் பக்கத்தில் இடம் விடச் சொல்லவில்லை. நாங்களே நகர்ந்துகொண்டோம்.

பங்குனி அத்தத்துக்கு வருவதில் அவருக்கு ஒரு நெருக்கடி உண்டு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பங்குனி உத்திரமும் முழுநிலவை ஒட்டித்தான் வரும். ஆக, பல ஆண்டுகளில் கம்பன் விழாவும் அவருடைய புனித வாரமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். 2018இல் உத்திரமும் பெரிய வெள்ளியும் மார்ச் 30 அன்று ஒன்றாகவே வந்தன. வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அத்தத்தன்று காலையில் வந்து நின்றார், வெறும் வயிற்றோடு. பானகம் கொடுத்தபோது, "இன்று இரவு வரைக்கும் ஒன்றும் இல்லை" என்று தம்ளரை என்னிடம் தந்தார். மலர் வைத்தார், கொஞ்ச நேரம் நின்றார், பாஸ்கா திருவிழிப்பு எனும் ஈஸ்டர் இரவுப் பூசைக்கு ஊர் போய்ச் சேர வேண்டும் என்று மதியத்துக்குள் கிளம்பிவிட்டார். ஒரே நிலா இரண்டு வேலை வைக்கிறது என்று பஸ்ஸில் ஏறும்போது சிரித்தார்.

இந்த முறை அவருக்கும் சேர்த்து மலர் வைத்தேன். ஆத்தா ஒரு சிட்டிகை மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டார், பேரனின் பிள்ளைக்காம்.

சமாதியிலிருந்து சாரின் ஊருக்குக் காளையார்கோவில் வழியாகப் போனோம். சொர்ணகாளீசுவரர் கோயிலின் இரண்டு கோபுரங்களும் தொலைவிலேயே தெரிந்துவிடும். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களின் சமாதி அங்கே கோயிலுக்கு எதிரில் இருக்கிறது. சருகணித் தேவாலயத்துக்கும் மானியம் கொடுத்தவர்கள் அவர்கள். காரை நிறுத்தச் சொல்லி ஆத்தா இறங்கிக் கும்பிட்டார். ஏறி உட்கார்ந்த பிறகு, நான் கேட்காமலே, ஒரு தம்ளரைப் பற்றிச் சொன்னார்.

பத்தாவது முடித்ததும் என்னைக் கடையில் உட்கார வைத்துவிட என் அப்பா, அப்பச்சி, நினைத்திருந்தார். வீட்டு நிலைமை அப்படி. சார் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். அப்பச்சி சம்மதிக்கிறவரை வந்துகொண்டே இருந்தார். இவ்வளவு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது, அவருக்குக் காபி கொடுக்க அப்பத்தா முகப்பு மாடத்தில் ஒரு தம்ளரைத் தனியாக வைத்திருந்தது. "குடித்துவிட்டு அவரே வாசல் குழாயில் கழுவி, மாடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் அப்போது மருமகள், எனக்கு வாய் இல்லை" என்றார் ஆத்தா. அதற்குப் பிறகு சருகணி வரும் வரை பேசவில்லை.

சாரின் மனைவியும் ஆசிரியையாக இருந்தவர், எங்களுக்கு டீச்சர். கல்லறைத் தோட்டத்துக்கு அவரே கூட்டிப்போனார். மேடையில் இன்னும் சிமெண்டு பூசவில்லை, மண்மேடுதான். ஆத்தா மெழுகுவர்த்தி ஏற்றினார், காற்றில் நிற்கவில்லை, டீச்சர் மண்ணில் சின்னக் குழி பறித்து அதற்குள் வைத்துக் கொடுத்தார். "இங்கே வந்தால் தலைக்குக் குளிக்க வேண்டுமா?" என்று ஆத்தா என் காதில் கேட்டார். டீச்சர் காதிலும் விழுந்துவிட்டது. "எங்களுக்கு இல்லை ஆச்சி. நீங்கள் உங்கள் வழக்கப்படி செய்யுங்கள்" என்றார்.

"இவருக்குத் திதி எப்படிக் கொடுப்பீர்கள்?"

"பூசை வைப்போம் ஆச்சி. பெயரைச் சொல்லிப் பூசை நடக்கும்."

"நாங்கள் வைக்கலாமா?"

டீச்சர் ஒரு கணம் பேசவில்லை. பிறகு எங்களைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். பங்குத்தந்தை வெளியூர் போயிருந்தார், உபதேசியார் இருந்தார். பூசைக் கருத்து எழுதுகிற நோட்டை எடுத்து, என்ன தேதிக்கு என்று கேட்டார்.

"அடுத்த பங்குனி அத்தம்" என்றார் ஆத்தா.

உபதேசியார் பேனாவை மூடினார். "நட்சத்திரம் எங்கள் நோட்டில் இல்லையே ஆச்சி. தேதி சொல்லுங்கள்."

நான் செல்போனை எடுத்தேன். ஆத்தா தடுத்தார், வீட்டில் பாம்புப் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னால்தான் சரி. உபதேசியாருக்கு இன்னொரு கவலை இருந்தது. அந்த நாள் பெரிய வெள்ளியில் விழுந்துவிட்டால் பூசையே கிடையாது, சனி என்றால் இரவுப் பூசைதான் என்றார். "எது வருகிறதோ அதில் வையுங்கள், தள்ளிப் போனால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்" என்று ஆத்தா காணிக்கையை மேசையில் வைத்தார். தேதிக்கு இடம் விட்டு, சாரின் பெயரை மட்டும் எழுதினார் உபதேசியார். ஆத்தா நோட்டைத் தன் பக்கம் திருப்பி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். பெயருக்கு முன்னால் 'தமிழாசிரியர்' என்று சேர்க்கச் சொன்னார். கட்டத்தில் இடம் போதவில்லை. உபதேசியார் ஓரத்தில் எழுதினார்.